நீரிழிவுப் பாதம்

நீரிழிவுப் பாதம் என்பது நீரிழிவு நோயாளரின் பாதத்திலும் கணுக்காலிலும், நரம்புச் சிதைவின் காரணமாகவோ குருதியோட்டக் குறைவின் காரணமாகவோ தோன்றும் புண், தொற்று, எலும்புச் சிதைவு, திசு அழுகல் ஆகியவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இது தனியொரு நோயன்று. நீண்டகால நீரிழிவின் பல்வேறு விளைவுகள் உடலின் ஓர் இடத்தில் ஒன்றுசேர்வதால் உண்டாகும் நிலை. நீரிழிவு உடையவர்களுள் 19 முதல் 34 விழுக்காட்டினர் வரை தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பாதப்புண்ணுக்கு ஆளாகக்கூடும் என மதிப்பிடப்படுகிறது. நீரிழிவினால் கால் நீக்கப்படும் நிகழ்வுகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை ஒரு பாதப்புண்ணில் இருந்தே தொடங்குகின்றன. அப்புண்ணோ பெரும்பாலும் ஒரு சிறு கல், இறுக்கமான செருப்பு வார், வெந்நீர், தவறாக வெட்டப்பட்ட நகம் போன்ற அற்பமான ஒன்றினால் ஏற்பட்டிருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள். எனவே நீரிழிவுப் பாதம் பற்றிய அறிவு மருத்துவர்களுக்கு மட்டுமன்றி, வீட்டில் ஒரு நீரிழிவு நோயாளரைக் கொண்ட எவருக்கும் தேவையானது.

காரணங்கள்

நீரிழிவுப் பாதத்தின் முதன்மைக் காரணம் புறநரம்புச் சிதைவு ஆகும். குருதியில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருக்கும்போது நரம்புகள் சேதமடைகின்றன. உடலின் மிக நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படுவதால், உணர்விழப்பு கால்விரல்களில் தொடங்கி, காலுறை அணியும் பகுதி முழுவதும் மெல்ல மேல்நோக்கிப் பரவுகிறது. இச்சிதைவு மூவகை நரம்புகளையும் தாக்குகிறது.

உணர்வு நரம்புகள் சிதைவதால் வலி, சூடு, தொடுதல் ஆகியவை தெரியாமற் போகின்றன. இயக்க நரம்புகள் சிதைவதால் பாதத்தின் உள்ளிருக்கும் சிறு தசைகள் மெலிந்து, விரல்கள் பறவையின் நகங்களைப் போல் வளைகின்றன. அவ்வாறு வளையும்போது விரல்களுக்குப் பின்னுள்ள எலும்புத் தலைகள் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, நடக்கும்போது உடல் எடையின் பெரும்பகுதியை அவையே தாங்க நேரிடுகிறது. தன்னியக்க நரம்புகள் சிதைவதால் பாதம் வியர்ப்பது நின்று, தோல் வறண்டு வெடிக்கிறது. தன்னியக்க நரம்புச் சிதைவினால் தோலை ஒட்டிய குருதிக் குழாய்கள் விரிந்தே இருப்பதால், பாதம் கதகதப்பாகவும் நல்ல நிறத்துடனும் காணப்படலாம். நலமான பாதம் என்று நோயாளரும், சில வேளைகளில் மருத்துவரும் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் புறத்தமனி நோய் ஆகும். நீரிழிவு உடையவர்களில் முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளே பெரிதும் அடைபடுகின்றன. புகைபிடிப்போருக்கு இது விரைவாக ஏற்படும். பொதுவாகத் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு நடக்கும்போது கெண்டைக்காலில் வலி தோன்றி, நின்றால் குறையும். நரம்புச் சிதைவும் உடனிருப்பவர்களுக்கு இவ்வெச்சரிக்கை வலியும் தோன்றாமற் போகலாம்.

மூன்றாவது, தொற்றினை எதிர்க்கும் ஆற்றல் குறைதல். சர்க்கரை மிகுந்த குருதியில் வெள்ளையணுக்கள் முழுத்திறனுடன் இயங்குவதில்லை. தொற்று ஏற்பட்டால் சர்க்கரை மேலும் கூடும். கூடிய சர்க்கரை தொற்றினை மேலும் வளர்க்கும்.

புண் தோன்றும் விதம்

மனிதப் பாதம் 26 எலும்புகளைக் கொண்டது. நலமான ஒருவர் நடக்கும்போது, ஓரிடத்தில் அழுத்தம் மிகுந்தால் தன்னையறியாமலே காலை வேறுவிதமாக ஊன்றுகிறார்; நெடுநேரம் நடந்தபின் நடையைச் சற்று மாற்றிக்கொள்கிறார்; செருப்புக் கடித்தால் கழற்றிவிடுகிறார். உணர்விழந்த பாதத்தில் இவை எதுவும் நிகழ்வதில்லை. ஒரே இடத்தில், ஒரே அளவில், ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் விழுகிறது.

அவ்விடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தடித்துக் காய்ப்பாகிறது. பின்னர் அக்காய்ப்பே செருப்பினுள் கிடக்கும் கல்லைப் போல் உள்ளிருக்கும் மென்திசுவை நசுக்குகிறது. காய்ப்பின் அடியில் குருதி கசிந்து கருநீலப் புள்ளியாகத் தெரியும். அதன்பின் அங்கே திரவம் சேர்ந்து, ஒருநாள் வெடித்துப் புண்ணாகிறது. எனவே உணர்விழந்த பாதத்தில் காணப்படும் காய்ப்பினைப் புண்ணுக்கு முந்திய நிலையாகவே கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் காய்ப்பினைச் சீவி அகற்றுவதால் மட்டும் அவ்விடத்தின் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாக 1992 இல் வெளியான ஓர் அளவீடு காட்டியது.

திடீர்க் காயங்களும் புண்ணுக்குக் காரணமாகின்றன. நண்பகல் வெயிலில் கோயிலின் கற்றளத்தில் வெறுங்காலுடன் நடப்பதாலும், இருசக்கர வண்டியின் புகைபோக்கியில் கால் படுவதாலும், கால்வலிக்கு இதமாக வெந்நீரில் பாதத்தை வைப்பதாலும் தீப்புண்கள் உண்டாகின்றன. தரையில் உறங்கும் நோயாளரின் விரல்களை எலி கடித்தும் அவர் விழிக்காதிருந்த நிகழ்வுகள் இந்தியாவிலும் தன்சானியாவிலும் பதிவாகியுள்ளன. ஆணி குத்திய செருப்புடன் நாள் முழுதும் நடந்துவிட்டு, மாலையில் தரையில் குருதியைக் கண்டபின் அறிபவர்களும் உண்டு.

சிறு பாதிப்புகள்

நலமான காலில் எவரும் பொருட்படுத்தாத சில பொதுப் பாதிப்புகள், உணர்விழந்த காலில் தொற்று நுழையும் வாயில்களாக அமைகின்றன.

பித்தவெடிப்பு எனப்படும் குதிகால் வெடிப்பு, பெயரில் உள்ளதுபோல் பித்தத்தினால் வருவதன்று; தோல் வறட்சியும் குதிகாலின் விளிம்பில் விழும் அழுத்தமுமே அதன் காரணங்கள். நாள்தோறும் குளித்தபின் ஈரத்தை ஒற்றியெடுத்து, யூரியா கலந்த களிம்பையோ வாசலினையோ தடவிவந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். குதிகாலைப் பின்புறம் மூடிய காலணி வெடிப்பு விரிவதைக் குறைக்கும். வெடிப்பின் ஆழத்தில் குருதியோ நீரோ கசிந்தால் அது புண்ணாகவே கருதப்பட வேண்டும்.

கால் ஆணி என்பது குறுகிய இடத்தில் விழும் அழுத்தத்தினால் தோல் உள்நோக்கித் தடிப்பது. மருந்துக் கடைகளில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்திரிகளில் சாலிசிலிக் அமிலம் உள்ளது. அது ஆணியை மட்டுமன்றி அருகிலுள்ள நல்ல தோலையும் அரிக்கும். வலி தெரிந்த காலில் அரிப்பை உணர்ந்து எடுத்துவிடலாம். நீரிழிவு நோயாளர் இவற்றைப் பயன்படுத்தலாகாது. சவரக் கத்தியால் தாமே ஆணியை அறுப்பதும் அவ்வாறே ஆபத்தானது.

சேற்றுப்புண் என்பது விரலிடுக்குகளில் ஏற்படும் பூஞ்சைத் தொற்று. வயலில் வேலை செய்வோருக்கும், நாள் முழுதும் மூடிய காலணி அணிவோருக்கும் மிகுதியாக வரும். பூஞ்சை எதிர்ப்புக் களிம்பினைச் சில வாரங்கள் தடவுவதோடு, இடுக்குகளை உலர்வாக வைத்திருத்தல் இன்றியமையாதது. எண்ணெயையும் ஈரப்பதமூட்டும் களிம்பையும் பாதத்திற்குத் தடவலாம், விரலிடுக்கில் தடவக்கூடாது.

நகத்தின் ஓரம் சதைக்குள் வளர்வது, நகத்தை மூலைகளில் வளைத்து ஆழமாக வெட்டுவதாலும் முன்புறம் குறுகிய காலணியாலும் ஏற்படுகிறது. நகத்தை நேர்க்கோடாக வெட்டி, முனைகளை அரத்தால் தேய்த்துவிடுவதே முறை. பார்வை குறைந்த முதியவர்கள் இதனைத் தாமே செய்யாமல் பிறர் உதவியைப் பெறுவது நல்லது.

பரிசோதனை

நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதப் பரிசோதனை தேவை. உணர்விழப்போ குருதியோட்டக் குறைவோ இருப்பின் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், இவற்றுள் இரண்டும் சேர்ந்திருந்தாலோ பாத உருக்குலைவு உடனிருந்தாலோ 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், முன்னர் புண்ணோ விரல் நீக்கமோ ஏற்பட்டிருப்பின் 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் பரிசோதிக்குமாறு நீரிழிவுப் பாதத்திற்கான பன்னாட்டுச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

உணர்வினைச் சோதிக்க, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையொன்று பாதத்தின் அடியில் சில இடங்களில் வைத்து அழுத்தப்படுகிறது. நோயாளர் கண்களை மூடியபடி, இழை படுவதை உணர்ந்தால் சொல்ல வேண்டும். 128 ஹெர்ட்சு இசைக்கவையைப் பெருவிரல் எலும்பின்மீது வைத்து அதிர்வுணர்வும் சோதிக்கப்படும். கருவி ஏதும் இல்லாத இடத்தில், இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆட்காட்டி விரலால் ஓரிரு நொடிகள் மெல்லத் தொட்டுக் கேட்பதும் போதிய அளவு நம்பத்தக்க முறையே. ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ உணரப்படாவிடின் ஆபத்து உண்டு எனக் கொள்ளலாம். இதனை வீட்டிலுள்ளோரும் செய்ய இயலும். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் சென்றதுண்டா என்னும் கேள்வியும் மிகப் பயனுள்ளது.

குருதியோட்டத்தை அறியப் பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடித்துடிப்பு தொட்டுப் பார்க்கப்படுகிறது. கணுக்காலின் குருதியழுத்தத்தைக் கையின் குருதியழுத்தத்தால் வகுத்துப் பெறும் விகிதம் 0.9 க்குக் குறைந்தால் தமனி அடைப்பு இருக்கக்கூடும். ஆயினும் நீரிழிவில் தமனிச்சுவர்கள் சுண்ணாம்பேறி இறுகிவிடுவதால் இவ்விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும். அத்தகையோருக்குக் கால்விரலின் அழுத்தத்தை அளப்பதே சரியானது. அது 30 மி.மீ. பாதரச அளவிற்குக் கீழிருந்தால் குருதிக்குழாய் மருத்துவரை உடனடியாக நாட வேண்டும்.

புண் ஏற்பட்டபின் அதன் ஆழத்தை அறிவது முக்கியம். நுண்ணுயிர் நீக்கிய மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் செலுத்தும்போது கெட்டியாக எலும்பு தட்டுப்பட்டால், எலும்புத் தொற்று இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி. ஊடுகதிர்ப் படத்தில் எலும்புத் தொற்று தெரிய இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகலாம் என்பதால், முதல் படம் நன்றாக இருப்பதைக் கொண்டு தொற்று இல்லை என முடிவு செய்ய இயலாது.

புண்களைத் தரப்படுத்த வாக்னர் முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இதில் தோல் உடையாத ஆபத்துநிலைப் பாதம் 0 ஆம் தரம். மேலோட்டமான புண் 1. தசைநாண் அல்லது எலும்பு வரை சென்ற புண் 2. சீழ்க்கட்டியோ எலும்புத் தொற்றோ உடையது 3. முன்பாதத்தின் ஒரு பகுதி அழுகியது 4. பாதம் முழுவதும் அழுகியது 5. இம்முறை குருதியோட்டத்தைத் தனியே கணக்கில் கொள்ளாமை ஒரு குறை ஆகும். பிற்கால முறைகள் புண், குருதியோட்டம், தொற்று ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிடுகின்றன.

மருத்துவம்

அழுத்தம் நீக்கல்

பாதத்தின் அடியில் தோன்றிய நரம்புச் சிதைவுப் புண் ஆறாமைக்கு மிகப் பொதுவான காரணம், நோயாளர் அதன்மீது தொடர்ந்து நடப்பதே ஆகும். நாளுக்கொரு முறை கட்டு மாற்றினாலும், விலையுயர்ந்த மருந்திட்டாலும், ஒவ்வோர் அடியிலும் புண் மீண்டும் நசுக்கப்படுகிறது. வலியில்லாததால் நோயாளருக்கு நடக்காதிருக்க உள்ளிருந்து தூண்டுதல் ஏதும் இல்லை.

இதற்குரிய மிகச் சிறந்த முறை முழுத்தொடு மாவுக்கட்டு ஆகும். விரல்கள் முதல் முழங்காலின் கீழ்வரை, காலின் வடிவத்தோடு முழுவதும் ஒட்டியிருக்குமாறு மிகக் குறைந்த பஞ்சுடன் மாவுக்கட்டுப் போடப்படுகிறது. இதனால் உடல் எடை புண்ணின்மீது மட்டும் விழாமல் பாதம் முழுவதிலும், கட்டின் சுவர் வழியாகக் கெண்டைக்காலிலும் பகிரப்படுகிறது. நோயாளர் படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை, கட்டுடன் நடமாடலாம். கட்டு வாரத்திற்கு ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ மாற்றப்படும். 2001 இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், 12 வாரங்களுக்குள் மாவுக்கட்டு அணிந்தோரில் சுமார் 90 விழுக்காட்டினருக்கும், கழற்றக்கூடிய நடைக்காலணி அணிந்தோரில் 65 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது.

இவ்வேறுபாட்டின் காரணம் கழற்ற முடிவதுதான். 2003 இல் நடத்தப்பட்ட ஆய்வொன்றில் நோயாளரின் இடுப்பிலும் காலணியிலும் நடையை எண்ணும் கருவிகள் பொருத்தப்பட்டன. அவர்கள் எடுத்துவைத்த அடிகளில் 28 விழுக்காட்டின்போது மட்டுமே காலணி காலில் இருந்தது. வெளியே செல்லும்போது அணிந்தவர்கள் வீட்டிற்குள் கழற்றிவிட்டனர். இக்கண்டுபிடிப்பின் பின்னர், கழற்றக்கூடிய காலணியின்மேல் ஒரு சுற்று மாவுக்கட்டுப் பட்டையைச் சுற்றிக் கழற்ற இயலாததாக மாற்றும் எளிய முறை நடைமுறைக்கு வந்தது. அது மாவுக்கட்டிற்கு இணையான பயனைத் தருவதாகப் பின்னர் நிறுவப்பட்டது.

கடும் தொற்றோ கடுமையான குருதியோட்டக் குறைவோ உள்ள காலில் இத்தகைய மூடிய கட்டினைப் போடலாகாது. புண்ணை நாள்தோறும் பார்க்க இயலாமையும், தளர்ந்த கட்டு வேறிடத்தில் உராய்ந்து புதுப்புண் உண்டாக்குவதும் இதன் குறைகள். இவ்வளவு சான்றுகள் இருந்தும் இம்முறை பரவலாகவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2008 இல் வெளியான கணக்கெடுப்பில், பெரும்பாலான பாதப்புண்களுக்கு மாவுக்கட்டினைப் பயன்படுத்திய மருத்துவ மையங்கள் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. மாவுக்கட்டுப் போடத் தேவைப்படும் நேரமும் பயிற்சியும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

புண் துப்புரவும் தொற்று நீக்கமும்

இறந்த திசுவையும் சூழ்ந்துள்ள காய்ப்பையும் கத்தியால் அகற்றுவது அடிப்படைச் சிகிச்சை ஆகும். மேற்பரப்பில் சிறு துளையாகத் தெரிவது, காய்ப்பினை நீக்கியபின் பெரிய குழியாக இருப்பது வழமை.

தொற்றின் அறிகுறிகள் இல்லாத புண்ணுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பிகள் தேவையில்லை; அவை புண்ணை விரைவில் ஆற்றுவதுமில்லை. சிவத்தல், வீக்கம், சூடு, சீழ் ஆகியவை இருப்பின் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரையும், எலும்புத் தொற்று இருந்து அறுவை செய்யப்படாவிடின் ஆறு வாரங்கள் வரையும் கொடுக்கப்படுகின்றன. மேலை நாடுகளில் பெரும்பாலும் ஸ்டெபிலோகாக்கசு முதலிய கிராம் சாயமேற்கும் உயிரிகளே காணப்பட, இந்தியாவில் சூடோமோனாசு உள்ளிட்ட கிராம் சாயமேற்காத உயிரிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஆகவே மேலை நூல்களில் உள்ள மருந்துப் பட்டியலை அவ்வாறே பின்பற்றுவது இங்குப் பொருந்தாது. புண்ணின் மேற்பரப்பைத் துடைத்தெடுப்பதைவிட, ஆழத்திலிருந்து எடுத்த திசுவை வளர்த்துப் பார்ப்பதே சரியான உயிரியைக் காட்டும்.

பாதத்தினுள் சீழ் பிடித்தால் அது சில மணி நேரங்களில் தசைநாண்களின் வழியே மேலேறக்கூடும். காய்ச்சல், நடுக்கம், புண்ணிலிருந்து கணுக்காலை நோக்கிப் பரவும் சிவப்பு, துர்நாற்றம், திடீரென உயர்ந்த சர்க்கரை ஆகியவை உடனடி அறுவைக்கான அறிகுறிகள். அத்தகைய நிலையில் மறுநாள் வரை காத்திருப்பது காலையும் உயிரையும் பறிக்கக்கூடும். வலி இல்லை என்பது இங்கு ஆறுதலுக்குரிய செய்தியன்று.

குருதியோட்டத்தை மீட்டல்

தமனி அடைப்பு உள்ள காலில், குருதி போய்ச் சேராமல் எந்தப் புண்ணும் ஆறாது. பலூன் மூலம் தமனியை விரித்தலும், நோயாளரின் சொந்தச் சிரையைக் கொண்டு மாற்றுவழி அமைத்தலும் இரு முறைகள். நீரிழிவில் மிக நுண்ணிய குழாய்களே அடைபடுகின்றன, எனவே மாற்றுவழி அறுவையால் பயனில்லை என்னும் கருத்து 1959 முதல் நெடுங்காலம் நிலவியது. காக்கக்கூடியனவாய் இருந்த கால்கள் இக்கருத்தின் காரணமாக நீக்கப்பட்டன. அத்தகைய நுண்குழாய் அடைப்பு இல்லை என 1984 இல் அமெரிக்க மருத்துவர்கள் லோஜெர்ஃபோ, காஃப்மன் ஆகியோர் எடுத்துக்காட்டியபின், பாதம் வரை மாற்றுவழி அமைக்கும் அறுவை பரவலாயிற்று.

புண்கட்டுகளைப் பொறுத்தவரை, புண்ணை ஈரப்பதத்துடன் வைத்திருக்கும் எளிய கட்டே பெரும்பாலோருக்குப் போதுமானது. வெள்ளி கலந்தவை, தேன் கலந்தவை முதலியன புண்ணை விரைவாக ஆற்றும் என்பதற்கு நம்பத்தக்க சான்றுகள் இல்லை. அறுவைக்குப் பிந்தைய பெரும் புண்களுக்கு உறிஞ்சுக் கட்டு பயன் தருகிறது. மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை ஆகியவற்றை வைத்துக் கட்டுவதால் நேரும் பெரிய இழப்பு, அவற்றின் கீழ்ப் புண் ஆழமாவது பலநாள் தெரியாமற் போவதே.

சார்க்கோ பாதம்

உணர்விழந்த பாதத்திலோ கணுக்காலிலோ எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கிச் சரிவது சார்க்கோ பாதம் எனப்படும். பிரெஞ்சு நரம்பியலாளர் சான் மார்ட்டின் சார்க்கோ 1868 இல் கிரந்தி நோயின் முதுகுத்தண்டுப் பாதிப்பு உடையவர்களிடம் இத்தகைய மூட்டுச் சிதைவினை விவரித்தார். நீரிழிவிலும் இது நேர்வதை 1936 இல் வில்லியம் ஜோர்டன் எடுத்துக்காட்டினார். இன்று உலகெங்கும் இதன் முதன்மைக் காரணம் நீரிழிவே.

தொடக்கத்தில் ஒரு பாதம் அல்லது கணுக்கால் திடீரென வீங்கிச் சிவந்து சூடாகிறது. தோலில் காயம் இராது. வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். இதனைச் சுளுக்கு, கீல்வாதம், தோல் தொற்று, சிரை அடைப்பு எனத் தவறாகக் கருதுவது மிகவும் பொதுவானது. சுளுக்கு என எண்ணி நீவிவிடுவதும் தொடர்ந்து நடப்பதும் உடைந்த எலும்புகளை மேலும் நொறுக்கும். சில வாரங்களில் பாதத்தின் வளைவு சரிந்து, அடிப்பகுதி தொட்டில் போல் வெளிநோக்கிப் புடைக்கிறது. அப்புடைப்பில் புண் தோன்றுகிறது. முதல் ஊடுகதிர்ப் படம் இயல்பாகவே இருக்கலாம். அந்நிலையில் காந்த ஒத்ததிர்வுப் படம் உதவும்.

இதற்கு மருந்தைவிட அசைவின்மையே மருத்துவம். ஐயம் தோன்றிய அன்றே முழங்கால் வரை மாவுக்கட்டுப் போடப்பட வேண்டும். இரு பாதங்களின் தோல் வெப்பநிலையும் அளந்து ஒப்பிடப்படுகிறது. பாதிப்புற்ற பாதம் மற்றதைவிட 2° செல்சியசு அல்லது அதற்கு மேல் சூடாக இருக்கும்வரை நோய் அடங்கவில்லை எனக் கருதுவது வழக்கம். அடங்கப் பல மாதங்கள் ஆகலாம்.

கால் நீக்கம்

திசு அழுகிவிட்டாலோ தொற்று உயிருக்கு ஆபத்தாக மாறினாலோ விரலையோ முன்பாதத்தையோ காலையோ நீக்க நேரிடுகிறது. உலர்ந்து கருத்த அழுகலில் தொற்று இல்லாவிடின் குருதியோட்டத்தைச் சீர்செய்யும் வரை காத்திருக்கலாம். ஈரமான அழுகல் அவசர நிலை. இயன்றவரை முழங்காலைக் காப்பது முக்கியம். முழங்கால் எஞ்சியிருந்தால் செயற்கைக் காலுடன் நடப்பதற்குத் தேவையான உழைப்பு பெரிதும் குறைகிறது. இந்தியாவில் 1968 இல் ராம் சந்திர சர்மா, பி. கே. சேத்தி ஆகியோர் உருவாக்கிய ஜெய்ப்பூர்ப் பாதம், செருப்பின்றி நடக்கவும் சம்மணமிட்டு அமரவும் இடமளிப்பதால் பலருக்கு உதவியுள்ளது.

ஒரு காலை இழந்தவரின் மறுகால் கூடுதல் சுமையைத் தாங்குவதால் அதற்கும் ஆபத்து மிகுகிறது. மேலும், பெருங்கால் நீக்கத்திற்குப் பின் ஐந்தாண்டுகளுக்குள் பாதிக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். இம்மரணங்களுக்குப் பெரும்பாலும் மாரடைப்பு முதலிய குருதிக்குழாய் நோய்களே காரணம். ஆதலால் பாதப்புண் உடையவருக்கு இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் கண்காணிப்பும் தேவை.

தடுப்பு

ஆறிய புண் ஓராண்டிற்குள் 40 விழுக்காட்டினருக்கும், ஐந்தாண்டுகளுக்குள் 65 விழுக்காட்டினருக்கும் மீண்டும் வருகிறது. உணர்விழப்பு நீங்குவதில்லை என்பதால், ஆறிய பாதத்தைக் குணமான பாதம் எனக் கொள்வதைவிட, ஓய்வில் உள்ள பாதம் எனக் கொள்வதே பொருத்தம்.

முதன்மையான தடுப்பு, நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பது. வலி செய்யும் வேலையைக் கண்கள் செய்ய வேண்டும். குனிய இயலாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கலாம். அல்லது வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்லலாம். காலணியை அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். குளிக்கும் நீரின் சூட்டைக் காலால் அல்லாமல் முழங்கையால் அறிய வேண்டும்.

வீட்டிற்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கலாகாது என்னும் அறிவுரை, வாசலிலேயே செருப்பைக் கழற்றும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களில் எளிதில் ஏற்கப்படுவதில்லை. வீட்டிற்குள் மட்டும் அணியத் தனியே ஒரு சோடி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற தீர்வு. கோயிலுக்குச் செல்வோர் தளம் சூடேறுமுன் காலையில் செல்வதும், அனுமதியுள்ள இடங்களில் தடித்த காலுறை அணிவதும் நல்லது. திருவண்ணாமலைக் கிரிவலம் சுமார் 14 கி.மீ. நடையாகும், உணர்விழந்த பாதத்துடன் அதனை வெறுங்காலால் நடப்பது புண்ணை வரவழைப்பதாகும்.

காலணி முன்புறம் அகன்றும், உள்ளே மென்மையாகவும், பின்புறம் வாருடனும் இருத்தல் வேண்டும். பெருவிரலுக்கு இடையே வார் செல்லும் ரப்பர்ச் செருப்பு விரலிடுக்கில் உராய்வதோடு, காலில் நிற்கவும் விரல்களால் பற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் காலணியை மாலையில் வாங்குவது நன்று. புதுக்காலணியை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியபின் சிவந்த இடம் உண்டா எனப் பார்க்க வேண்டும்.

வரலாறு

நீரிழிவில் பாதப்புண் நரம்புச் சிதைவினால் வருவதை இங்கிலாந்து மருத்துவர் பிரைசு 1887 இலேயே விவரித்திருந்தார். ஆயினும் அக்கருத்து கவனம் பெறவில்லை. 1922 இல் இன்சுலின் பயன்பாட்டிற்கு வந்தபின் நோயாளர் நெடுங்காலம் வாழத் தொடங்கினர். கால் அழுகலும் பெருகியது. 1934 இல் பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின் இதனை ஓர் அச்சுறுத்தலாக எடுத்துக்காட்டி, பாதத் தூய்மையையும் நோயாளர் கல்வியையும் வலியுறுத்தினார்.

இன்றைய நீரிழிவுப் பாத மருத்துவத்தின் முக்கியமான பகுதி நீரிழிவு ஆய்விலிருந்து வந்ததன்று. தொழுநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. கொல்லிமலையில் 1914 இல் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்பதே அக்காலப் பொது நம்பிக்கை. வலியுணர்வு இல்லாததால் ஏற்படும் காயங்களும், அவற்றைப் பொருட்படுத்தாது தொடரும் பயன்பாடுமே உறுப்புகளைச் சிதைக்கின்றன என்பதை பிராண்டும் அவர் குழுவினரும் நோயாளரை நாள்தோறும் கவனித்துக் கண்டறிந்தனர். பாதப்புண்ணுக்கு மாவுக்கட்டு இட்டு நடமாட விடும் முறையை 1930களில் இலங்கை அறுவை மருத்துவர் மில்ராய் பால் கையாண்டிருந்தார். அம்முறையும், நுண்துளை ரப்பராலான மென்செருப்பும் வேலூரிலும், 1955 இல் அருகிலுள்ள கரிகிரியில் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆய்வு மையத்திலும் செம்மையாக்கப்பட்டன.

1966 இல் பிராண்ட் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு நீரிழிவு நோயாளரின் பாதங்களிலும் அதே வகைப் புண்களைக் கண்டு, மாவுக்கட்டினையும் காலணி முறையையும் அவர்களுக்கும் பயன்படுத்தினார். நைலான் இழைச் சோதனை, தோல் வெப்பநிலை அளவீடு ஆகியவை பாதப் பராமரிப்பில் வேரூன்றியதிலும் கார்வில் குழுவினருக்குப் பங்குண்டு. பிராண்ட் 2003 இல் காலமானார்.

இலண்டன் கிங்சு கல்லூரி மருத்துவமனையில் 1981 இல் மருத்துவர், அறுவை மருத்துவர், பாதப் பராமரிப்பாளர், காலணி வடிவமைப்பாளர் ஆகியோர் ஒரே அறையில் நோயாளரைப் பார்க்கும் பாத மருத்துவகம் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அங்குப் பெருங்கால் நீக்கங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 1989 இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் நகரில் கூடிய ஐரோப்பிய நாடுகள், கால் நீக்கங்களை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பதை இலக்காக அறிவித்தன. 2005 ஆம் ஆண்டின் உலக நீரிழிவு நாளுக்குப் பாதப் பராமரிப்பே கருப்பொருளாக இருந்தது. சென்னையில் மா. விசுவநாதன் 1954 இல் இராயபுரத்தில் நிறுவிய நீரிழிவு மருத்துவமனை, பாதப்புண் சிகிச்சையிலும் ஆய்விலும் இந்தியாவின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நீரிழிவு நோயாளரின் பாதங்களைப் பரிசோதிக்கும் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020களில் தொடங்கியது.